தொற்றை எந்தத் தலைப்பில் எழுதுவது?

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. யார் எந்த பில்லைக் கையில் கொடுத்தாலும் மொத்தத் தொகைக்கு முன்னால் தலைப்புகளைத்தான் பார்ப்பேன். எந்தச் செலவை எதற்கடியில் போட்டிருக்கிறார்கள், எதை எதற்குள் கரைத்திருக்கிறார்கள் என்றுதான் கண் ஓடும். பழக்க தோஷம். அதனால் குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாலும் காப்பீட்டுக் கோப்பு கடைசியில் என் மேஜைக்கு வந்துவிடும். பெரிய மாமா இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோதும் வந்தது. அறுவை சிகிச்சை தொடர்பானதெல்லாம் முதல் சில பக்கங்களிலேயே முடிந்திருந்தது. கோப்பின் பெரும்பகுதி அதற்குப் பிந்தைய நாட்களின் கதை. அறை வாடகை, நர்ஸிங் கட்டணம், டாக்டர் விசிட், யூரின் கல்ச்சர், பிளட் கல்ச்சர், மறுபடியும் பிளட் கல்ச்சர், மெரோபெனம் ஊசி, சிரிஞ்சு, சலைன், கேனுலா. எல்லாம் தேதிவாரியாக, ஒழுங்காக, ஒரு பிழையும் இல்லாமல்.

அத்தனை பக்கங்களிலும் 'தொற்று' என்று ஒரு வார்த்தை கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் ஒரே ஒரு வாக்கியம்: அறுவை சிகிச்சைக்குப் பின் காய்ச்சல் இருந்தது, சிரை வழியாக ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது, நலமாக அனுப்பப்படுகிறார். பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த பில்லின் பாதிக்கும் மேற்பட்ட தொகை எதனால் உண்டானதோ அதற்கு மட்டும் தலைப்பு இல்லை. ஒரு கம்பெனிக் கணக்கில் இப்படி இருந்தால் ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அன்றைக்கு உறுத்த ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை.

நடந்தது இதுதான். ஆபரேஷனுக்காக மாமாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டார்கள். நியாயம்தான், எழுந்து போக முடியாத மனிதர். அடுத்தடுத்த நாட்களில் பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார், பிறகு நடக்க வைத்தார். மாமா நடந்தார். வாக்கரின் கம்பியில் யூரின் பை தொங்கிக்கொண்டே கூட வந்தது. கழிப்பறை வாசல் வரை நடந்து திரும்பும் மனிதருக்குக் குழாய் எதற்கு என்ற கேள்வி யாருடைய வேலையிலும் சேரவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், பிசியோதெரபிஸ்ட் காலைப் பார்த்தார், ஷிஃப்ட் மாறும்போது சிஸ்டர்கள் பையில் எவ்வளவு என்று அளந்து எழுதினார்கள். அளப்பதற்கு வசதியாக இருந்தது என்பதைத் தவிர அந்தக் குழாய்க்கு அப்போது வேறு வேலை இல்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். ராத்திரி முழுக்கக் குழப்பமான பேச்சு, எப்போதோ இறந்துபோனவர்களைக் கூப்பிட்டார். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று இப்படிப் புத்தியைத் தொட்டுவிட்டுப் போவது உண்டு என்று டியூட்டி டாக்டர் சொன்னார். ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்து, அதில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்ப்பதுதான் கல்ச்சர். அதன் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும், அதுவரை அனுமானத்தில்தான் மருந்து. வந்தபோது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் பெயர் இருந்தது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குப் படாது என்ற பட்டியலில் வழக்கமான மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் எதிரே 'எதிர்ப்பு' என்று வரிசையாக விழுந்திருந்தது. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் மிஞ்சியது. அது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி, மாத்திரையாகக் கிடையாது. ஆக, காய்ச்சல் விட்டு, தெளிவாகப் பேசி, நடக்கவும் செய்கிற மனிதர் வெறும் ஊசிக்காக மட்டும் கட்டிலில் கிடந்தார். "கால் ஒடிஞ்சு வந்தவன்டா நான். இங்க யாரும் காலைப் பத்தி இப்ப பேசவே மாட்டேங்கிறாங்களே" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குழாய்க்குள்

சிறுநீர்க் குழாய் வழியாகப் பாக்டீரியா உள்ளே போவதற்கு யாரும் பெரிய தப்பு செய்ய வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பதுபோல் குழாயின் உட்சுவரிலும் வெளிச்சுவரிலும் நுண்ணுயிரிகள் ஒரு படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்துக்குள் இருப்பவற்றை மருந்தும் சரியாக எட்டாது, உடம்பின் காவல் அணுக்களும் எட்டாது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா தென்படும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை ஏறுகிறது என்பது மருத்துவ உலகம் பல காலமாகச் சொல்லும் கணக்கு. தென்படுவதெல்லாம் நோயாகிவிடாது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நாள் கூடக் கூடச் சீட்டு குலுக்கல் கூடுகிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், குழாய் போட்ட நோயாளிகளைக் கவனிக்கும் டாக்டர்களிடம் 'உங்கள் நோயாளிக்குக் குழாய் இருக்கிறதா' என்று கேட்டிருக்கிறார்கள். 28 சதவீதம் பேருக்குத் தெரியவில்லை. சீனியர் டாக்டர்களிடம் அறியாமை இன்னும் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு எரிச்சலைவிட ஒருவித நிம்மதிதான் வந்தது. வாக்கரில் தொங்கிய பை எங்கள் வார்டின் தனி அவலம் இல்லை, உலகமே அப்படித்தான் இருக்கிறது.

உலகம் எப்படி இருக்கிறது என்பதற்கு எண்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உடனடிச் சிகிச்சைக்கான பொது மருத்துவமனைகளில் (ஐசியு மட்டும் அல்ல) சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 15 பேருக்கும் அங்கே இருக்கும்போதே குறைந்தது ஒரு தொற்றாவது வருகிறது. அப்படி வந்தவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களை நேரடிக் காரணமாகக் கொண்ட மரணங்கள் 2019இல் மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று 2022இல் 'லான்செட்' இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. அந்த மரணங்கள் எல்லாம் மருத்துவமனைக்குள் ஒட்டிக்கொண்ட தொற்றால் வந்தவை அல்ல, ஆனால் அந்த வகைக் கிருமிகள் பழுத்து முற்றுவதற்கு ஐசியுவைப் போல் தோதான இடம் இல்லை. வலுவான மருந்துகள் நாள் முழுக்க ஓடுகின்றன, உடம்பெல்லாம் குழாய்கள், ஒரே கை பல படுக்கைகளைத் தொடுகிறது.

என் உறுத்தல் பணத்தில் ஆரம்பித்ததால் பணத்தைத் தேடிப் போனேன். 2013இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கீட்டில், பெரியவர்களுக்கு மருத்துவமனையில் வரும் ஐந்து முக்கியமான தொற்றுகளுக்கு ஆண்டுக்கு 980 கோடி டாலர் செலவாகிறது என்று கண்டிருந்தார்கள். பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன் வழியாக வரும் ரத்தத் தொற்றுதான் அதில் ஆகச் செலவானது, ஒரு நோயாளிக்குச் சுமார் 45,800 டாலர். சிறுநீர்க் குழாய்த் தொற்று? சுமார் 900 டாலர். மாமாவுக்கு வந்தது பட்டியலிலேயே மலிவான வகை! இந்தச் சராசரிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மருந்துக்கு எளிதில் கட்டுப்படும் தொற்றும், கட்டிலோடு கட்டிப்போடும் தொற்றும் ஒரே தலைப்பில் கலந்து 900 ஆகிவிடுகின்றன. கலவைச் சராசரி என்ன வேலை செய்யும் என்று கணக்கு எழுதுகிற எவனுக்கும் தெரியும்.

வரவா, செலவா

சரி, செலவு என்கிறார்களே, யாருக்குச் செலவு? இந்தக் கேள்வியில்தான் நான் நின்றுவிட்டேன். அதற்குப் பதில் தேடும்போது கண்ணில் பட்டது, அதே 2013இல் 'ஜாமா' இதழில் வந்த இன்னோர் ஆய்வு. அமெரிக்காவின் தென்பகுதியில் 12 மருத்துவமனைகள் கொண்ட ஒரு குழுமத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 34,000க்கும் மேற்பட்டவர்களின் கணக்குகளை எடுத்து, சிக்கல் வந்தவர்களால் மருத்துவமனைக்கு என்ன மிஞ்சியது, வராதவர்களால் என்ன மிஞ்சியது என்று பார்த்திருக்கிறார்கள். சிக்கல்கள் என்ற பட்டியலில் அறுவைக் காயத்தில் வரும் தொற்றும், ரத்தத்தில் நஞ்சேறுவதும் உண்டு. தனியார் காப்பீடு வைத்திருந்தவர்களில், சிக்கல் வந்த ஒருவரால் மருத்துவமனைக்குச் சுமார் 39,000 டாலர் கூடுதலாக மிஞ்சியது. வருமானம் கூடியது என்று சொல்லவில்லை. அந்த நோயாளிக்காகச் செய்த நேரடிச் செலவுகளைக் கழித்த பிறகு கையில் நிற்கும் தொகை கூடியது.

மூன்று முறை படித்தேன். எங்கள் தொழிலில் தினமும் போடும் கணக்குதான் அது. ஒரு கூடுதல் விற்பனையால் நேரடிச் செலவு போக எவ்வளவு நிற்கிறது, அது கட்டடத்துக்கும் நிரந்தரச் சம்பளத்துக்கும் எவ்வளவு உதவுகிறது என்று எந்தத் தொழிற்சாலைக்கும் பார்ப்போம். அதே தாளில் தொற்று ஒரு கூடுதல் விற்பனையாக உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொன்னால் உடனே சிலர் 'பார்த்தாயா, வேண்டுமென்றே செய்கிறார்கள்' என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாமாவுக்குக் காய்ச்சல் ஏறிய இரவில் அந்த டியூட்டி டாக்டர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவன் அப்படி நினைக்க முடியாது. எவரும் கெட்ட எண்ணம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் சங்கடம். ஒரு வார்டில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸைக் குறைத்தால் அந்த மாதமே சம்பளக் கணக்கில் மிச்சம் தெரியும். குறைந்த கைகளால் கூடிய தொற்று, சில வாரம் கழித்து, வேறொரு பக்கத்தில், அறை வாடகையாகவும் மருந்து விற்பனையாகவும் வரவில் சேரும். இரண்டு பக்கமும் பச்சை. நிர்வாகி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் மேஜைக்கு வரும் தாள் அவரிடம் 'குறைத்தது சரிதான்' என்று சொல்லும்.

கைகழுவலை எடுத்துக்கொள்ளுங்கள். 'கை கழுவ அவ்வளவு சோம்பலா' என்று நர்ஸ்களைத் திட்டுவது எல்லோருக்கும் சுலபம். பல வருடம் ஐசியுவில் வேலை பார்த்த ஒரு தோழியிடம் இதைச் சொன்னபோது, "ஒரு மணி நேரம் என் பின்னாடியே நின்னு எண்ணிப் பாரேன்" என்றாள். எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 1997இல் வெளியான ஒரு கணக்கின்படி, 12 பேர் வேலை செய்யும் ஓர் ஐசியுவில், தேவையான ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு முறையாகக் கழுவினால், ஒரு பகல் ஷிஃப்டில் கைகழுவலுக்கு மட்டும் மொத்தம் 16 மணி நேர உழைப்பு போய்விடும். அதாவது இரண்டு ஆட்களின் முழு நாள். படுக்கைக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் திரவம் வைத்தால் 3 மணி நேரத்தில் முடிகிறது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழுவினர் இதைத்தான் செய்தார்கள். 1994இல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997இல் 66 சதவீதத்துக்கு ஏறியது, மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. 66 சதவீதம்தான், நூறு இல்லை. அதற்கே இந்த இறக்கம்.

அபராதம் போட்டால் சரியாகிவிடுமா? எனக்கு முதலில் தோன்றியதும் அதுதான். தொற்றை வரவிலிருந்து செலவுக்கு மாற்றிவிட்டால் தாள் தானாக வேறு பேச்சுப் பேசும் அல்லவா. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் 2008 அக்டோபர் முதல் அதைச் செய்தது. சிறுநீர்க் குழாய்த் தொற்று, ரத்தக் குழாய் லைன் தொற்று போன்ற சிலவற்றுக்குக் கூடுதல் தொகை தரமாட்டோம் என்று அறிவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து சுமார் 400 மருத்துவமனைகளின் எண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விதியால் எந்த மாற்றமும் தென்படவில்லை. தொற்று ஏற்கெனவே குறைந்துகொண்டு வந்தது, விதி வந்த பிறகும் அதே வேகத்தில் குறைந்தது, அவ்வளவுதான். பில் எழுதும் குறியீட்டில் தொற்று என்று பதிந்தால்தானே தொகை வெட்டுப்படும்? மாமாவின் சம்மரியில் 'காய்ச்சல்' என்று இருந்ததே, அது எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது.

மிச்சம் எங்கே?

தடுத்த தொற்றால் எவ்வளவு மிச்சம் என்று சொல்வதும் நினைக்கிற மாதிரி எளிதில்லை. நாற்பது நாள் படுத்திருந்தவருக்குத் தொற்று வந்தது என்றால், தொற்றால் நாற்பது நாள் ஆனதா, நாற்பது நாள் இருந்ததால் தொற்று வந்ததா? இரண்டும் உண்டு. இதைப் பிரிக்காமல், தொற்று வந்தவர்களின் நாட்களையும் வராதவர்களின் நாட்களையும் நேராகக் கழித்துவிட்டுச் செலவைச் சொன்ன ஆய்வுகள் நிறைய, அவற்றின் எண்கள் ஊதிப்போனவை. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் கிரேவ்ஸ் இதைத் தொடர்ந்து சொல்லிவந்தார். அவருடைய இன்னொரு வாதம் எனக்கு இன்னும் பிடித்தது. மருத்துவமனையின் செலவில் பெரும்பகுதி கட்டடம், கருவி, நிரந்தரச் சம்பளம். பத்துத் தொற்றைத் தடுத்துவிட்டதால் அவை குறையப்போவதில்லை. ஆகவே ஆண்டு முடிவில் பெட்டியில் பணம் மிஞ்சியிருக்கிறதா என்று தேடினால் ஏமாற்றம்தான். மிஞ்சுவது படுக்கை. அந்தப் படுக்கையில் காத்திருக்கும் இன்னொருவரைப் படுக்கவைக்கலாம், அதுதான் மிச்சத்தின் மதிப்பு.

ஊசிக்காக மட்டும் மாமா கிடந்த நாட்களில், எமர்ஜென்சியில் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்திருந்தவர்களை நான் தினமும் கடந்து போனேன். வார்டில் இடமில்லை என்றார்கள். அவர்களில் யாருடைய பில்லிலும் மாமாவின் கிளெப்சியெல்லா வராது. மாமாவின் பில்லிலேயே வராதவை எத்தனையோ. அத்தை ராத்திரி ராத்திரியாக நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்ட முதுகுவலி, மகன் சம்பளமில்லாமல் எடுத்த விடுப்பு, படுக்கையில் கிடந்து கரைந்துபோன தொடைத் தசை, அதனால் தள்ளிப்போன நடை. அந்த இரவுக் குழப்பத்துக்குப் பிறகு பெயர்களைத் தேடித் தேடிப் பேச ஆரம்பித்தார், அது முழுக்கத் திரும்பி வரவில்லை. மெரோபெனமும் பலிக்காமல் போயிருந்தால் அடுத்தது கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் டாக்டர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவைத்த பழைய மருந்து. வேறு வழியில்லாததால் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மெரோபெனம் கோர்ஸும் கொலிஸ்டினை யாரோ ஒருவருக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவருகிறது, அந்த யாரோ ஒருவரையும் எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது.

அப்படியானால் எதுதான் வேலை செய்தது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐசியுக்கள் சேர்ந்து செய்ததை 2006இல் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் எழுதினார்கள். சென்ட்ரல் லைன் போடும்போது ஐந்தே காரியங்கள்: கை கழுவு, உடலை முழுக்க மூடி வேலை செய், தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடை, முடிந்தவரை தொடை வழியைத் தவிர், தேவை முடிந்ததும் எடுத்துவிடு. புது மருந்தோ புதுக் கருவியோ கிடையாது. டாக்டர் ஒரு படியை விட்டால் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள், எனக்கென்னவோ அந்த ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியதாகப் படுகிறது. 1,000 லைன் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று ஒன்றரை வருடத்தில் 1.4 ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 2001 முதல் எம்ஆர்எஸ்ஏ என்ற, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் வரும் ரத்தத் தொற்றை எல்லா அரசு மருத்துவமனைகளும் கட்டாயமாக எண்ணி அனுப்ப வேண்டியிருந்தது. 2004இல் இதைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2008இல் பாதிக்கும் கீழே போய்விட்டது. தொகையை வெட்டியதில் நடக்காதது எண்ணி வெளியிட்டதில் நடந்திருக்கிறது. அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இலக்கோடு கூடவே நிறைய நெருக்கடியும் கொடுத்தார்கள்.

'லைன் நாட்கள்' என்பது சாதாரண எண்ணிக்கைதான். தினமும் ஒரே நேரத்தில் வார்டைச் சுற்றிவந்து எத்தனை பேருக்குக் குழாய் இருக்கிறது என்று எண்ணி எழுதுவது. இன்றைக்கு 20 பேருக்கு இருந்தால் 20 நாள். மாதக் கூட்டலில் அது வகுக்கும் எண்ணாகிறது. எண்ணப் போகும்போதே 'இவருக்கு இன்னும் எதற்கு' என்று கேட்கவும் முடிகிறது, அந்தச் சுற்றில் பாதிப் பயன் அதுதான். ஆனால் இதைப் பகிரங்கமாக்கு என்று சும்மா கேட்டுவிடவும் முடியாது. கல்ச்சர் எடுக்காத மருத்துவமனையில் தொற்று கண்டுபிடிக்கப்படாது, கண்டுபிடிக்காத இடத்தின் விகிதம் அழகாக இருக்கும். காய்ச்சல் வந்தவுடன் இரண்டு பாட்டில் ரத்தம் எடுத்து ஒழுங்காக அனுப்பும் இடம் பட்டியலில் மோசமாகத் தெரியும். அதனால் ஒரு மருத்துவமனை தன் தொற்று விகிதத்தைக் காட்டினால், ஆயிரம் படுக்கை நாட்களுக்கு எத்தனை பிளட் கல்ச்சர் எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே போடச் சொல்ல வேண்டும். கல்ச்சர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடத்தின் பூஜ்யத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வவுச்சர் இல்லாத வரவை எப்படி ஒத்துக்கொள்ள மாட்டேனோ அதே காரணத்துக்காகத்தான்.